புற்றில் ஒரு பிடி மண்

அந்தக் காலத்தில் கறையான்கள் வாயால் மண் சுமந்ததோடு நிற்காமல், வாய் ஓயாமல் பேசவும் செய்தன. காது கொடுத்துக் கேட்கத்தான் மனிதர்களுக்குப் பொறுமை இல்லை.

துருக்கல்மேட்டில் வெள்ளி தேடும் கூட்டம் ஒன்று இருந்தது. மலைமேல் துருப்பிடித்த இரும்புபோல் பாறை எங்கே சிவந்து கிடக்கிறதோ, அங்கே குழி போடுவார்கள். அடியில் பாறை வெடிப்பு நெடுக ஈயக்கல் ஓடும். அதை உலையில் உருக்கினால் துளி வெள்ளி பிரிந்து வரும். அந்த ஓட்டத்தை நரம்பு என்பார்கள். இத்தனை விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு கிறுக்குத்தனமும் இருந்தது. நரம்பு காணாமல் போனால், கறையான்தான் வெள்ளியைத் தின்றுவிட்டது என்று அக்கம்பக்கத்துப் புற்றையெல்லாம் இடித்துத் தள்ளுவார்கள்.

கொற்றியின் கணவன் வேங்கையன் பிடிவாதக்காரன். அவன் தோண்டிய குழியில் நரம்பு, அரிவாளால் வெட்டியதுபோல் பட்டென்று நின்றுபோனது. நேர் கீழே போனால் அகப்படும் என்று அவன் இறங்கிக்கொண்டே போனான். மேலே நின்று கொற்றி கூடை இழுத்தாள். வருகிற கல்லெல்லாம் கையில் பட்டதும் மாவாக உதிர்ந்தது.

"அந்த மேற்காலப் புத்தை இடிச்சுட்டு வா புள்ள, அதுங்கதான் தின்னுருக்கும்" என்று குழிக்குள்ளிருந்து கத்தினான் வேங்கையன்.

கொற்றி கடப்பாரையோடு போய் ஓங்கினாள்.

"ஏம்மா, உனக்குக் கோவம் யாரு மேல?" என்றது புற்றுக்குள்ளிருந்து ஒரு குரல். கறையான் ராணி.

"எம் புருசன் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுத் தோண்டுறான். நீங்க உள்ளாற உக்காந்து வெள்ளியத் தின்னுறீங்க!"

ராணி சிரித்தது. "வெள்ளியத் தின்னா வயிறு நிறையுமா? தண்ணி தேடி நாங்க ஆழத்துக்குப் போறோம். வர்ற வழியில அகப்படுற மண்ணக் கொண்டாந்து சுவர் வைக்கிறோம். நம்பலைன்னா ஒரு பிடி எடுத்து அலசிப் பாரு."

கொற்றி கடப்பாரையைக் கீழே போட்டாள். அவள் கூட்டத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. ஒரு பிடி மண்ணை அள்ளி, மரச்சட்டியில் போட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அலசினாள். மண் கரைந்து போக, சட்டியின் அடியில் ஈயக்கல் பொடி கனமாகத் தங்கியது.

"உங்க குழிக்கிட்ட மலை ரெண்டாப் பொளந்து, ஒரு பக்கம் விலகிப்போச்சு" என்றது ராணி. "நரம்பும் அதோட நகந்து எங்க காலடிக்கு வந்துருச்சு. பொளந்த எடத்துல பாறை இல்ல தாயி, வெறும் மாவு. அவன மேல கூப்பிடு."

கொற்றிக்கு உயிரே போய்விட்டது. ஓடினாள்.

"மச்சான், மேல வா! குழி நிக்காது!"

"இன்னும் ஒரு முழம் புள்ள!"

கெஞ்சினால் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அலசிய பொடியைத் துணியில் முடிந்து, கூடையில் வைத்து இறக்கினாள்.

கீழே சத்தம் நின்றது. "ஏ, இது ஈயக்கல்லு! எங்க எடுத்த?"

"மேல வந்தாத்தான் சொல்லுவேன்."

திட்டிக்கொண்டே கயிற்றைப் பிடித்து ஏறினான். அவன் கரையில் கால் வைத்ததும், குழியின் நான்கு சுவரும் பொதபொதவென்று உள்ளே சரிந்தன.

வேங்கையன் திரும்பிக் குழியைப் பார்த்தான். கொற்றி அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள், பிறகு அங்கேயே சாய்ந்து அழுதாள். போன உயிர் திரும்பி வந்த அழுகை அது. கொஞ்ச நேரத்தில் அவன் மெதுவாக, "இப்பவாவது சொல்லு, எங்க எடுத்த?" என்றான். அழுகையினூடே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புற்றைத் தொடாமல், தள்ளி ஒரு குழி போட்டார்கள். கெட்டிப் பாறைக்குள் நரம்பு பத்திரமாக இருந்தது. சாம்பல் நிற ஈயக்கல்லும், தேன் நிறத்தில் துத்தநாகக் கல்லும் ஒன்றையொன்று அணைத்துக் கிடந்தன. ஈயத்தை உருக்கியபோது வெள்ளி சிரித்தது.

அன்று முதல்தான் தாது தேடிப் போகிறவர்கள் புற்றைக் கண்டால் இடிக்காமல், ஒரு பிடி மண்ணை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். குழிக்குள் இருப்பவனும், மேலிருந்து குரல் வந்தால் ஏன் எதற்கென்று கேட்காமல் ஏறி வந்துவிடுகிறான்.