முத்தரசியின் பத்துக் கணக்கு

"எந்த நாட்டைப் பின்பற்றலாம்? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

கேட்டவர் கோதைநாயகி. கல்வித்துறை அதிகாரி, ஐம்பத்திரண்டு வயது. தொடக்கப் பள்ளிகளில் எவ்வளவு வீட்டுப்பாடம் தரலாம் என்று அவர் எழுதப்போகும் அறிக்கைதான் மாநிலம் முழுக்க விதியாகும். திங்கட்கிழமை கடைசி நாள்.

பதில் சொல்ல வேண்டியவர் பெனிட்டா. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தை ஒட்டிய சின்னப் பள்ளியின் ஆசிரியை. கோதைநாயகியைவிட இருபது வயது இளையவர். குழம்பிப்போன ஆசிரியர்கள் பலர் அவரைத் தேடி வருவதுண்டு.

"பின்லாந்துல வீட்டுப்பாடம் ரொம்பக் குறைவு. நல்லாப் படிக்கிறாங்க. தென்கொரியாவுல பள்ளி விட்ட பிறகும் தனி வகுப்பு. அவங்களும் நல்லாப் படிக்கிறாங்க. ஜப்பான், எஸ்டோனியா எல்லாம் நேர்லயே பார்த்துட்டேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுது" என்றார் கோதைநாயகி.

பெனிட்டா ஒரு புது நோட்டையும் பென்சிலையும் நீட்டினார்.

"நாலாம் வகுப்புக்கு இன்னைக்குப் பத்துக் கணக்கு குடுத்திருக்கேன். முத்தரசி வீட்டுக்குப் போய், அவ கூட உக்காந்து நீங்களும் போட்டுட்டு வாங்க."

"எனக்கு ஏது டீச்சர் நேரம்?"

"அவளும் தினம் அதைத்தான் சொல்லுதா."

வாசலில் முத்தரசி பையை மாட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பது வயது.

கோதைநாயகி நோட்டை வாங்கிக்கொண்டார்.

வீடு பூட்டியிருந்தது. அம்மா உப்பளத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. பக்கத்து வீட்டில் விட்டிருந்த கைக்குழந்தைத் தங்கையை வாங்கி முத்தரசி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தார்கள். முதல் கணக்கு முடிந்ததும் தெருவில் ஹாரன் சத்தம்.

"தண்ணி லாரி வந்துட்டு மேடம்!"

ஓடினார்கள். வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு குடம் தூக்கி வந்தார்கள்.

குழந்தை பசித்து அழுதது. முத்தரசி கஞ்சி காய்ச்சினாள். ஊட்டியது கோதைநாயகி.

மறுபடி உட்கார்ந்தார்கள். குழந்தை நோட்டைப் பிடித்து இழுத்தது.

அம்மா வந்தாள். உப்பு அரித்த பாதங்களை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள். யாரும் சொல்லாமலே முத்தரசி எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

நாலாவது கணக்கைத் தொடும்போது முத்தரசியின் தலை நோட்டின் மேல் சாய்ந்துவிட்டது.

கோதைநாயகியின் நோட்டிலும் மூன்றுதான். தோள்பட்டை விண்விண் என்று வலித்தது.

மறுநாள் காலை பெனிட்டா நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"மிச்சம் ஏழு?"

"முடியல."

"ஏன், கணக்கு வரலையா?"

கோதைநாயகி போனை எடுத்து இயக்குநரை அழைத்தார்.

"சார், திங்கட்கிழமை அறிக்கை வராது."

"விளையாடுறீங்களா? உங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுடுவேன்."

"போடுங்க சார். ஆனா அவரையும் இங்கதான் வரச் சொல்லுவேன். நாலு நாடு பார்த்துட்டேன். நம்ம ஊர்ல ஒரு வீடுதான் பார்த்திருக்கேன்."