படியேறாத இஞ்ஞாசி

"பெரிய வெள்ளியோட நிறுத்திக்கிட்டா போதாதா, உபதேசியாரே?"

இஞ்ஞாசி ஜெபக்கூடத்துப் படிக்குக் கீழே, கடற்கரை மணலில் நின்று கேட்டார்.

ஊருக்கு வேதம் சொல்லித்தரும் உபதேசியார் மிக்கேல் மேலே முற்றத்தில் சாளை மீன் சுட்டுக்கொண்டிருந்தார். தலைக் காயத்துக்குப் போட்ட கட்டு இன்னும் அவிழவில்லை. வயதில் இஞ்ஞாசியைவிட இளையவர். ஆனாலும் இஞ்ஞாசிக்கு அவர்தான் குரு.

"புரியும்படி கேளுங்க, அண்ணாச்சி."

"ஆண்டவர் நம்ம பாவத்துக்காகச் சிலுவையில செத்தார். அதோட காரியம் முடிஞ்சுதே. நாளைக்கு உயிர்ப்புத் திருநாள் எதுக்கு?"

"மேல வாங்க, சொல்லுதேன்."

"இங்கயே நிக்கேன்."

அவர் ஏன் ஏறவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

ஒரு விதவையின் குடும்பத்தை ஊர் கமிட்டி விலக்கி வைத்திருந்தது. மிக்கேல் அவள் வீட்டில் போய்ச் சாப்பிட்டார். கூட்டம் போட்டு, "இவரோடு சேர்ந்தவர் யார்?" என்று கேட்டார்கள். எல்லோரும் இஞ்ஞாசியைப் பார்த்தார்கள்.

"எனக்கும் இவருக்கும் பழக்கமே கிடையாது" என்றார் இஞ்ஞாசி.

கூட்டம் கலையும்போது யாரோ கல்லெறிந்தார்கள். மிக்கேல் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைப்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

மிக்கேல் ஒரு மீனைத் திருப்பிப் போட்டார்.

"ஆஸ்பத்திரியில என் காலைப் பிடிச்சு அழுதீங்களாமே. நர்ஸம்மா சொன்னாங்க."

"அழுதேன்."

"என்ன கேட்டீங்க?"

"மன்னிப்பு கேட்டேன்."

"கிடைச்சுதா?"

"நீங்க எங்க பேசுனீங்க? கட்டை மாதிரி கிடந்தீங்க."

"வீட்டுக்குப் போய்த் தூங்குனீங்களா?"

"இல்ல."

"அழுகை பத்தலையோ?"

"கண்ணு வீங்குற அளவுக்கு அழுதேன், உபதேசியாரே."

அடுப்பில் எண்ணெய் சொட்டிப் புகைந்தது.

"சரி. நான் கண் முழிச்சிட்டேன்னு சேதி வந்ததும் எப்படி இருந்துது?"

"சந்தோஷமா இருந்துது."

"பெரிய வெள்ளிக்கு மறுநாள் பொய் சொல்லாதீங்க, அண்ணாச்சி."

இஞ்ஞாசி கடலைப் பார்த்தார். அப்புறம் மணலைப் பார்த்தார்.

"பயமா இருந்துது. நீங்க செத்துப்போயிருந்தா அழுதுகிட்டே காலத்த ஓட்டியிருப்பேன். பிழைச்சு வந்தவர் முகத்துல எப்படி முழிக்க?"

மிக்கேல் சிரித்தார். வலித்தது போலும். தலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆண்டவரைத் தெரியவே தெரியாதுன்னு சொன்ன பேதுருவுக்கும், அவர் உயிர்த்த அன்னைக்கு விடியக்காலம் இதே பயந்தான் இருந்திருக்கும்."

இஞ்ஞாசி நிமிர்ந்தார்.

மிக்கேல் வாழையிலையில் மீனை எடுத்து வைத்தார். பெரியதாகப் பார்த்து இன்னும் ஒன்றும் வைத்தார். இலையை மேல்படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில கேட்டத இப்ப கேளுங்க."

இஞ்ஞாசி மேல்படியில் இருந்த இலையைப் பார்த்தார்.

"சரி, சாப்பிட்டுட்டே கேளுங்க. மீன் ஆறுது."

இஞ்ஞாசி செருப்பைக் கழற்றினார்.