பல்லில் பதம் பார்த்த விதை

விதை வங்கி டைரக்டர் ஆவுடையப்பனுக்கு ஆடு என்றாலே ஆகாது. தேரிக்காட்டுச் செம்மணலில் ஓர் ஆட்டைக் கண்டுவிட்டால் போதும், ஜீப்பை நிறுத்தி, "காட்டை மொட்டையடிக்கிற சனியன்!" என்று வைதுவிட்டுத்தான் நகர்வார்.

விதை பொறுக்கும் பயிற்சிக்கு வந்திருந்த சந்தனமாரியை ஒருநாள் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பெரிய அதிகாரிங்க வாராங்க. ரெண்டு கிலோ உடைமர விதை வேணும். இல்லேன்னா உனக்கு சர்டிபிகேட் கிடையாது."

உடைமரத்தில் முள்தான் மிச்சமிருந்தது. நெற்று மொத்தத்தையும் ஆடுகள் தின்று தீர்த்திருந்தன. சந்தனமாரி மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சல்லடையும் விளக்குமாறுமாக நேரே ஆட்டுக்கிடைக்குப் போனாள்.

மறுநாள் கழுவிக் காயவைத்த விதை மேசைமேல் பளபளத்தது. எந்த விதையையும் பல்லால் கடித்துப் பதம் சொல்வது டைரக்டரின் பெருமை. அதிகாரிகள் பார்க்க நாலு விதையை வாயில் போட்டுக்கொண்டார்.

"அடடா, என்ன பதம்! ஆட்டு வாய் படாத விதைன்னா இதுதான்!"

"வாய் மட்டுமா சார்?" என்றாள் சந்தனமாரி. "வாய் வழியாப் போயி வால் வழியா வந்தது. புழுக்கையைச் சலிச்சு எடுத்தேன். ஆட்டு வயித்துல ஊறின விதைதான் சட்டுன்னு முளைக்கும்."

அதிகாரிகள் முன்னால் துப்ப முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு மடக்கென்று விழுங்கினார்.

"பரவால்ல சார்," என்றாள் அவள், சல்லடையைக் கையில் எடுத்தபடி. "விதை வீணாப் போவாது. நாளைக்குக் காலையில எடுத்துக்கிடலாம்."