நேராக மட்டும் போகும் கார்

மில் முதலாளி தண்டபாணிக்குத் தன் பழைய பந்தயக் காரை அகலமாக்கிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. கோயம்புத்தூர் பட்டறைக்கு வந்து அதட்டினார்.

"அகலமான பாடி கிட் மாட்டு, குண்டு டயர் போடு. ஆனா என் கார் தகட்டுல கட்டர் பட்டுச்சுன்னா உன் வேலை போயிரும்!"

தகட்டு வேலை பார்க்கும் டிங்கர் பியூலா வாதாடவில்லை. "ஆகட்டுங்க" என்றாள். டயரைச் சுற்றியிருக்கும் தகட்டை வெட்டாமலே எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைக் கொடுத்தாள்.

"நேரா மட்டும் ஓட்டுங்க சார்."

சிரித்தபடி கிளம்பியவர் தெருமுனையில் ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்டயர் தகட்டில் முட்டி வண்டி நின்றது. பின்னால் டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

பியூலா கட்டரோடு ஆடி அசைந்து வந்தாள்.

"தகட்டுல பட்டா வேலை போயிருமுங்களே?"

"இப்ப வெட்டலைன்னாத்தான் போயிரும்!"

பஸ்ஸே கைதட்டியது.