ஆமை முதுகில் எழுதிய தெப்பம்

ஆலங்காட்டுக் குளத்தில் பேச்சி என்றொரு ஆமை இருந்தது. அக்கரை நாவல் தோப்புக்குப் போக வேண்டுமானால், காட்டிலுள்ள சின்ன உயிர்களுக்கெல்லாம் அதன் முதுகுதான் வழி. "அக்கா, அந்தப் பக்கம் கொஞ்சம் விட்டுடுங்க!" என்று விடிந்ததிலிருந்து கூப்பாடு. முடியாது என்று சொல்ல அதற்கு வாய் வராது. பாவம், அப்படியே பழகிவிட்டது.

போன வருடம் முட்டையிட மணல் மேட்டுக்குப் போகக்கூட விடாமல் ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். கடைசியில் முட்டைகள் தண்ணீரிலேயே நழுவிப் போயின. ஒன்றுகூடத் தேறவில்லை. அதைப் பேச்சி யாரிடமும் சொல்லவில்லை. இந்த வருடமும் வயிறு கனக்கத் தொடங்கியிருந்தது.

"என்னால முடியலப்பா! மழைக்கு முன்னாடி நான் மணல் மேட்டுக்குப் போயாகணும். நீங்களே ஒரு தெப்பம் கட்டிக்கோங்க!" என்று ஒருநாள் சொல்லியேவிட்டது பேச்சி.

"இவ்வளவுதானே! நாளைக்கே கட்டிடலாம்!" என்று குதித்தது சடையன் குரங்கு.

ஊசிமுத்து முள்ளம்பன்றி மெல்ல இழுத்தது. "எதுக்கும் முதல்ல எழுதிக்கலாமே. யார் யார் ஏறுவாங்க, எவ்வளவு பெருசு வேணும், எதுல கட்டறதுன்னு…"

"எழுதிக்கிட்டு உட்கார்ந்தா வேலை விளங்கினாப்லதான்! எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு!" என்றது சடையன்.

இருந்தது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒவ்வொரு தெப்பம் இருந்தது. சடையன் நடுவில் தாவுவதற்கு ஒரு கிளையை நட்டது. அணில் தன் கனத்துக்கு ஏற்ற மெல்லிய மரப்பட்டையைப் பரப்பியது. முயல் வெள்ளச்சி மெத்தையாகப் புல்லை அடைத்தது. தண்ணீரில் இறக்கியதும் புல் நனைந்து கனத்தது, பட்டை கிழிந்தது, கிளை சாய்ந்தது. எல்லாரும் தொபுக்கென்று விழுந்தார்கள். ஒவ்வொருவராகக் கரை சேர்த்தது யார்? பேச்சியேதான்.

"இப்பவாவது எழுதலாமா?" என்று கேட்டது ஊசிமுத்து. எல்லாரும் தலையாட்டினார்கள். ஊசிமுத்து தன் முள் ஒன்றைப் பிடுங்கி, ஒரு காட்டுவாழை இலையில் எல்லாவற்றையும் கீறி வைத்தது.

மறுநாள் வந்து பார்த்தால் இலையைக் காணோம். வெள்ளச்சியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அடிப்பாவி! திட்டத்தையா தின்னே?" என்று அலறியது சடையன்.

"பசிச்சுது! இலைன்னுதான் நெனச்சேன்!"

யாரும் தின்ன முடியாத இடமாகப் பார்த்து எழுத வேண்டும் என்று யோசித்தார்கள். எல்லார் பார்வையும் பேச்சியின் ஓட்டின் மேல் போய் நின்றது.

"எழுதித் தொலைங்க. இதையும் சேர்த்துச் சுமக்கிறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டது பேச்சி.

இந்த முறை சண்டையெல்லாம் அதன் முதுகிலேயே நடந்து முடிந்தது. எத்தனை பேர் ஏறுவது, எந்த மூங்கில், யார் வெட்டுவது, யார் கட்டுவது, யாருக்கு எந்த இடம், எல்லாம் கீறப்பட்டன. மறந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தெப்பம் ஒழுங்காக உருவானது. தண்ணீரில் சாயாமல் நின்றது. எல்லாரும் ஆரவாரமாக ஏறி உட்கார்ந்தார்கள்.

"ம், கிளம்பட்டும்!" என்றது சடையன்.

தெப்பம் அசையவில்லை. எல்லாரும் பேச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, சும்மா கொஞ்சம் இழுத்து விட்டீங்கன்னா…" என்று குழைந்தது சடையன்.

பேச்சிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"என் முதுகுல இருக்கறதை என்னால பார்க்க முடியாது. இதை யார் இழுக்கணும்னு எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு, ஊசிமுத்து."

ஊசிமுத்து இறங்கி வந்து ஓட்டைச் சுற்றிச் சுற்றிப் படித்தது. "இல்லக்கா. அதை எழுதவே இல்ல."

"உட்கார இடம் எழுதத் தெரிஞ்சுது. இழுக்க ஆள் எழுதத் தோணலையா? போன வருஷம் என் முட்டையெல்லாம் தண்ணியோட போச்சுடா, சடையா!"

சடையன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கியது.

"எழுது, ஊசிமுத்து. இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரு காட்டுக்கொடியை இழுத்துக் கட்டணும். ஏறுறவங்க அதைப் பிடிச்சுத் தாங்களே இழுத்துக்கிட்டுப் போகணும். கொடி கட்டறது என் வேலை" என்றது சடையன்.

"சீக்கிரம் கீறுப்பா, வானம் கறுத்துடுச்சு" என்றது பேச்சி.

கடைசி வரி முடிந்ததும் அது மேட்டைப் பார்த்து நடந்தது. மெதுவாகத்தான் நடந்தது. வழியில் யாரும் கூப்பிடவில்லை. கடைசி முட்டையின் மேல் மணலைத் தள்ளி மூடும்போது முதல் தூறல் விழுந்தது.

புதிதாக ஒன்றைச் செய்யும்முன் திட்டத்தை எழுதி வைக்க வேண்டும். எழுதும்போது, அதன் பாரம் யார் தலையில் விழும் என்பதையும் மறக்காமல் எழுத வேண்டும்.