ஆற்றுமணலில் அடித்த முளை

ஒரு காலத்தில் மணலூர் நாட்டைச் சிம்மகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் ஆட்சியில் நடந்த அநியாயங்களை வரிசை பிசகாமல் சொல்லிவிடுகிறேன். வரிசை குழம்பினால் குற்றவாளி தப்பித்துவிடுவான்.

முதலாவது, காட்டு மிருகங்களுக்குப் பொறி வைக்கும் ஆற்றங்கரைப் பொறிக்காரர்களின் பெயர்களை அரண்மனை ஓலைகளிலிருந்து நீக்கினான். அன்றுமுதல் அவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பெயர்: 'பொறிக்காரன்'.

இரண்டாவது, ஊருக்கு வெளியே மேட்டில் கழுமரம் நடுவதற்கு அவர்களையே பிடித்துக்கொண்டு போனான். மணல் பூமியில் எதையும் அசையாமல் நிறுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

மூன்றாவது, சிறுத்தைப் பொறியில் வேட்டைத் தலைவர் பராங்குசர் கைவைத்தார். பொறிக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. பொறியின் சங்கிலியைப் பருத்த கட்டையின் நடுவில் கட்டுவார்கள். கட்டையை இடுப்பளவுக் குழியில் படுக்கவைத்து, ஈரமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மிதித்து இறுக்குவார்கள். மேலே ஒன்றும் தெரியாது. இழுக்க இழுக்க மண்ணின் பாரம் கட்டைமேல் உட்காரும். "ராஜா வந்து பார்த்தால் கண்ணுக்கு என்ன தெரியும்?" என்று பராங்குசர் அதைத் தோண்டி எறிந்தார். பித்தளைக் கொண்டையில் சிங்கமுகம் வைத்த இரும்பு முளையை மணலில் அடித்து, அதில் சங்கிலியை மாட்டினார்.

நான்காவது, சிறுத்தை அந்த முளையைப் பிடுங்கிக்கொண்டு பொறியோடு ஓடியது. ஆடு மேய்த்த இருவரையும் ராஜாவின் வேட்டைநாயையும் கொன்றது. ராஜா நாய்க்காக மூன்று நாள் அழுதான்.

ஐந்தாவது, பராங்குசர் பழியை அந்தப் பொறியை வைத்த பொறிக்காரன்மேல் போட்டார். வெள்ளிக்கிழமை கழுவேற்றம் என்று தீர்ப்பாயிற்று.

புதன்கிழமை, அந்தப் பொறிக்காரனின் மனைவி பேச்சி, சங்கிலி கழன்று ஆற்றங்கரையில் கிடந்த முளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சபைக்கு வந்தாள்.

"யாரம்மா நீ? தோளில் என்ன, பிள்ளையா?" என்றான் ராஜா. சபை சிரித்தது.

"பிள்ளை இல்லை மகாராஜா. என் வீட்டுக்காரர் செய்த முளை. சாகப்போகிறவரின் கைவேலையை உங்கள் கண்ணில் ஒரு தடவை காட்டலாம் என்று வந்தேன்."

துணி விலகியதும் பித்தளைச் சிங்கம் பளபளத்தது. ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கியே வந்துவிட்டான்.

"அடடா! என் சாயல் அல்லவா! இப்படிப்பட்ட கைகாரனையா கழுவேற்றச் சொன்னோம்?"

"மீசைக்கு மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று மகாராஜா. ராஜாவுக்குப் பிடிக்கும், ராஜாவுக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே செய்தார்."

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றினான். "இதைச் செய்தவனுக்கு இந்த மாலை!"

பராங்குசருக்குப் பொறுக்கவில்லை. "பொய் மகாராஜா! மண்ணைத் தோண்டுகிற பயலுக்குச் சிங்கமுகம் வார்க்கத் தெரியுமா? முளை என்னுடையது! மீசையை வரைந்து கொடுத்தவன் நான். மணலில் அடிக்கவைத்தவனும் நான். கட்டையைத்தான் புதைக்கவேண்டும் என்று அந்தப் பயல் காலில் விழுந்து கெஞ்சினான். எட்டி உதைத்தேன்!"



"கேட்டுக்கொண்டீர்களா ஐயாமாரே?" என்றாள் பேச்சி. "பிடுங்கிக்கொண்ட முளை யாருடையது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்."

"என் முளையில் குற்றமில்லை! சிறுத்தைக்குப் பேய்ப்பலம்!" என்று பராங்குசர் கத்தினார்.

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "இழுத்தே பார்த்துவிடுவோம்!" என்று எல்லோரையும் ஆற்றங்கரைக்குக் கிளப்பினான்.

பராங்குசர் முளையை அடித்தார். துணிமூட்டை சுமக்கும் கழுதை ஒன்றை அதில் கட்டினார்கள். இரண்டாம் இழுப்பில் சிங்கம் குப்புற விழுந்தது. பேச்சி குழி வெட்டி, கட்டையைப் படுக்கவைத்து, மண்ணை மிதித்து மூடினாள். ஆறு குதிரைகள் இழுத்தன. கயிறு அறுந்தது. கட்டை அசையவில்லை.

ராஜா கைகொட்டிச் சிரித்தான். "சபாஷ் பேச்சி! பராங்குசரே, தலைப்பாகையைக் கழற்றி அந்தக் கழுதைக்குக் கட்டும். இன்றைக்கு அதுதான் வேட்டைத் தலைவர்!" பராங்குசர் கட்டினார். (அடுத்த மாதமே அவருக்குப் புதுத் தலைப்பாகை கிடைத்தது. கிடைக்காமல் போகுமா?)

"உனக்கு என்ன வேண்டும் பேச்சி, கேள்!" என்றான் ராஜா.

"என் ஆளை விட்டுவிடுங்கள் மகாராஜா."

ராஜாவின் சிரிப்பு நின்றது.

"வெள்ளிக்கிழமை கூத்து வைத்திருக்கிறோமே என்று... இன்று காலையிலேயே முடித்துவிடச் சொன்னேன். மறந்தே போயிற்று. வேறு ஏதாவது கேளேன்."

பேச்சி மேட்டுப் பக்கம் திரும்பினாள். "அந்தக் கழுமரத்தை நட்டது அவர்தான்" என்றாள். "அடியில் கட்டை படுக்கவைத்து நட்டார். அசைந்திருக்காது."

ராஜா நீட்டிய மாலையை அவள் தொடவில்லை. கூட வந்திருந்த அரண்மனை ஓலைக்காரரிடம் போனாள்.

"ஓலையில் என்ன எழுதியிருக்கிறது ஐயா?"

"பொறிக்காரன் ஒருவன் கழுவேற்றப்பட்டான்."

"ஒருவன் இல்லை. பெயர் எழுதுங்கள். குற்றமில்லை என்றும் எழுதுங்கள். இங்கே நிற்கிற அத்தனை பேரும் சாட்சி. அவர்கள் காதில் விழும்படி வாசியுங்கள்."

ஓலைக்காரர் ராஜாவைப் பார்த்தார். ராஜா தரையைப் பார்த்துத் தலையாட்டினான். ஓலைக்காரர் எழுத்தாணியை எடுத்துவிட்டு விழித்தார். கொன்றவர்கள் யாருக்கும் பெயர் தெரியவில்லை.

கட்டிய பெண் புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலம் அது. பதினேழு வருஷம் 'அவர்' என்றே சொல்லிவந்தவள், முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

மந்திரிகள், குதிரைக்காரர்கள், வெறுந்தலையோடு பராங்குசர், அத்தனை பேர் முன்னிலையிலும் ஓலைக்காரர் உரக்க வாசித்தார்:

"குற்றமின்றிக் கொல்லப்பட்டவன், மாடன் மகன் இருளப்பன்."