அகழிக்கரையில் ஒரு சரிவு

“எனக்கு என்னம்மா குறை?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்வித்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருடங்களாகச் சுடர்க்கொடியிடம் தியானம் பழகிவந்தார்.

சுடர்க்கொடிக்கு முப்பத்தொன்பதுதான். பழைய கோட்டைக்குள் ஒரு வாடகை வீட்டு மாடியில் தினமும் காலையில் இருபது பேர் அவர் முன் உட்காருவார்கள்.

போன வருடம் வந்து சேர்ந்த ஒருவருக்குக்கூட, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஆவுடையப்பனுக்குக் கிடைக்கவில்லை. சொந்த ஊரில் அவருக்காக ஒரு கூடம் தயாராக இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் வருவதாக முப்பது பேர் சொல்லியிருந்தார்கள். இன்று பதில் கிடைக்காவிட்டால் அனுமதி இல்லாமலேயே தொடங்கிவிடுவது, பிறகு இங்கே வருவதில்லை என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தார். அதையும் சொல்லிவிட்டார்.

சுடர்க்கொடி எழுந்து பாயைச் சுருட்டி வைத்தார்.

“சாயங்காலம் நான் ஒரு இடத்துக்குப் போகணும். கூட வரீங்களா ஐயா?”

அதுதான் பதிலா, பதில் இனிமேல் வருமா என்று அவருக்குப் புரியவில்லை. வருகிறேன் என்றார்.

போன இடம், சக்கரப் பலகைமேல் நின்று சறுக்கி விளையாடும் ஸ்கேட் பார்க்.

கோட்டை மதிலுக்கும் அகழிக்கும் நடுவே அது இருந்தது. இவ்வளவு பழைய மதிலை ஒட்டி இப்படி ஒன்று எதற்கு என்று ஆவுடையப்பன் பலரிடம் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. உள்ளே வந்து பார்த்ததில்லை.

ஒரு பக்கம் கருங்கல் மதில். இடுக்குகளில் அரசங்கன்றுகள். மறுபக்கம் அகழித் தண்ணீர், அல்லி, இரண்டு கொக்குகள். தண்ணீருக்கு அப்பால் கோபுரத்தின் மேல் பாதியில் மட்டும் வெயில் இருந்தது. நடுவே சிமெண்டில் பள்ளங்கள், மேடுகள், சரிவுகள்.

வெளியூர்க்காரர்கள் வேலியோரம் நின்று கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பலகைமேல் நின்றவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆவுடையப்பனுக்கு அது விசித்திரமாக இருந்தது.

அவரை ஒரு கல் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுச் சுடர்க்கொடி ஓரத்திலிருந்த தகரக் கொட்டகைக்குள் போனார். யாரையோ பார்க்கப் போகிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

நிலோஃபர் என்று கூப்பிட்டார்கள் ஒரு பெண்ணை. இருபத்திரண்டு வயதிருக்கும். ஆழமான பள்ளத்துக்குள் பாய்ந்தாள், எதிர்ச்சுவரில் ஏறினாள், சுவர் முடிந்த பிறகும் ஏறினாள். காற்றிலேயே திரும்பிக் கீழே வந்தாள். ஆவுடையப்பன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். யாரும் கவனிக்கவே இல்லை. ஒருவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொரு மூலையில் ஜெசிந்தா என்று ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். சுடிதார், ஹெல்மெட், முட்டியில் கவசம். அவர் நின்ற சரிவு இடுப்பளவு உயரம்கூட இல்லை. பலகையின் பின்முனையை ஒரு காலால் விளிம்பில் அழுத்திக்கொண்டு, மறு காலைத் தூக்கி முன்னால் வைப்பார். உடனே எடுத்துவிடுவார்.

பிறகு இறங்கினார். விழுந்தார்.

மறுபடி ஏறினார். விழுந்தார். ஆவுடையப்பன் எண்ணத் தொடங்கினார். பதினொன்றுக்குப் பிறகு கணக்கு விட்டுப்போனது. போதும் என்று சொல்லலாமா என்று இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். அந்த அம்மாளின் முழங்கை உரிந்திருந்தது. அவர் தண்ணீர் குடித்தார், திரும்பச் சரிவுக்குப் போனார்.

ஒரு தடவை உடம்பு பின்னால் சாயவில்லை. பலகையோடு இறங்கினார். சமதளத்துக்கு வந்து, பலகை தானாக நிற்கும்வரை அப்படியே போனார்.

அங்கிருந்த எல்லோரும் பலகையை எடுத்துத் தரையில் தட்டினார்கள். சத்தம் மதிலில் மோதித் திரும்பி வந்தது. நிலோஃபர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

அவள் பெஞ்சுப் பக்கம் வந்தபோது, அது என்ன சத்தம் என்று ஆவுடையப்பன் விசாரித்தார். கைதட்டுகிற மாதிரிதான் என்றாள்.

“நீ அவ்வளவு உயரம் போனியேம்மா. உனக்கு யாரும் தட்டலையே?”

அவள் அதை யோசித்ததே இல்லை போலிருந்தது.

“அது எனக்குத் தெரிஞ்சதுதானே சார்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆவுடையப்பன் அந்தச் சின்னச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதன் விளிம்பில் வேறொருவர் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு நின்றார்.

சுடர்க்கொடி.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். ஒன்பது வருடத்தில் அந்த முகத்தில் அவர் பயத்தைப் பார்த்ததில்லை. இப்போது அது இங்கிருந்தே தெரிந்தது. சுடர்க்கொடி காலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

பக்கவாட்டில் விழுந்தார், பலமாக. பலகை தனியே உருண்டு வந்து ஆவுடையப்பன் செருப்பில் இடித்து நின்றது.

அவருக்குக் கூச்சமாக இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். இல்லை. சிரித்தவர்களும் இல்லை.

சுடர்க்கொடி எழுந்து வந்தார். உள்ளங்கையில் லேசாக ரத்தம்.

“மூணு மாசமா வரேன் ஐயா. இன்னும் பிடிபடல. நான் எங்க தப்பு பண்றேன்? பாத்துட்டுத்தானே இருந்தீங்க, சொல்லுங்க.”

பதில் உடனே நாக்குக்கு வந்துவிட்டது. சாய்வு, பயம், பார்வை என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். வாயைத் திறந்தார். விழுந்த நேரத்தில் அவருடைய முன்கால் எங்கே இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தார்.

வரவில்லை.

“தெரியலம்மா,” என்றார். “நீங்க விழுந்ததைத்தான் பாத்தேன். எப்படி விழுந்தீங்கன்னு பாக்கல.”

குனிந்து பலகையை எடுத்துக் கொடுத்தார்.

“இன்னொரு தடவை இறங்குங்க. பாக்கிறேன்.”

கூடவே போனார். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, கண் பலகையின் மட்டத்துக்கு வரும்படி சரிவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

சுடர்க்கொடி மேலே ஏறிப் பலகையை விளிம்பில் வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கூடத்தைத் திறக்கிறீங்க ஐயா?”

“பேசாதீங்கம்மா,” என்றார் ஆவுடையப்பன். “காலை எங்க வைக்கிறீங்கன்னு பாத்துட்டிருக்கேன்.”